ஏழாவது வினா: அன்றாடப் பேச்சின் பயன் குறித்து

பவணந்தி முனிவரின் நன்னூல் வினாக்களை ஆறாக வகுக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. தமிழர் அன்றாடம் கேட்கும் ‘சாப்பிட்டாச்சா?’ இவற்றுள் எதில் சேரும்? விடை தெரியாமல் கேட்பதால் அறியாவினா எனலாம். ஆனால் வழியில் எதிர்ப்படுபவரைக் கேட்பவருக்கு அந்த விடையால் ஆவது ஒன்றுமில்லை. ‘இன்னும் இல்லை’ என்றதும் இலை போடும் வீட்டுக்காரர் கேட்டால் கொடைவினா. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் கேட்டால் அதுவும் பொருந்தாது. செய்தியைப் பெறுவதும் தருவதும் போலவே உறவைப் புதுப்பித்துக்கொள்வதும் பேச்சின் அடிப்படைப் பயன் என்பதற்கு இவ்வினாவே சான்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

திரோபிரியாண்ட் தீவுகளில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, ஆக்டனும் ரிச்சர்ட்ஸும் 1923இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் இத்தகைய பேச்சை ஆராய்ந்தார். நலம் விசாரிப்பும் வானிலைப் பேச்சும் மனிதரைப் பிணைக்கின்றன என்றார். அங்கே சொற்களின் பொருளுக்குப் பெரிதும் இடமில்லை என்றும் கருதினார். முதற்கூற்றை ஏற்கலாம், இரண்டாவதைத் தமிழ் வழக்கு ஏற்க விடாது. ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டீங்களா’ என்பவற்றில் கேட்பவர் எதிராளியை எந்த இடத்தில் வைக்கிறார் என்பது விகுதியிலேயே தெரிந்துவிடுகிறது. ‘சாப்பிட்டாச்சா’ என்பதிலோ இடம், எண் காட்டும் விகுதி இல்லை. நீ என்பதா, நீங்கள் என்பதா என்று தயங்குபவருக்கு அது கைகொடுக்கிறது. பிணைப்பதோடு நில்லாமல், எவ்வளவு நெருக்கம், எவ்வளவு மரியாதை என்பதையும் இப்பேச்சு அளந்து சொல்கிறது.

இதெல்லாம் வெறும் பழக்கம் என்று மறுப்போர் உண்டு. 1948இல் ஷானன் வகுத்த தகவல் கோட்பாட்டின்படி, முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்த செய்தியில் தகவல் இல்லை, ‘ஆச்சு, நீங்க?’ என்ற மறுமொழியும் ஏறக்குறைய அத்தகையதே. ஆனால் அதே கோட்பாடு மறுப்பவருக்கு எதிராகவும் நிற்கிறது. எதிர்பார்த்த மறுமொழி வராதபோது அந்த மௌனத்தில் தகவல் மிகுதி. நாள்தோறும் விசாரித்தவர் ஒருநாள் முகம் திருப்பிப் போனால், ஏன் என்ற கேள்வி தெருவெல்லாம் எழுகிறது. பழக்கம் நிலையாக இருப்பதால்தான் அதன் முறிவு பொருள் பெறுகிறது.

பசியும் பஞ்சமும் இருந்த காலத்து உண்மையான கேள்விதான் இன்று சடங்காகத் தேய்ந்தது என்றும் வாதிடலாம். அப்படியே இருந்தாலும், தோற்றம் வேறு, பயன் வேறு. பசி தீர்ந்த வீடுகளிலும் கேள்வி நீடிக்கிறதென்றால், அதைத் தாங்குவது இன்று வேறொரு தேவை. உறவு முறிந்த இரு குடும்பங்களைக் குறித்து, ‘அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை’ என்கிறோம். பகையைச் சொல்லப் பேச்சின் இன்மையே போதுமானதாக இருக்கும் மொழியில், பேச்சின் பயனைச் செய்தியோடு நிறுத்தும் எந்த இலக்கணமும் குறையுடையதே.