வேலியே பயிரை மேயுமா? - ஆட்டோஇம்யூன் நோய்களின் கதை

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி! சின்ன வயதில் இதைச் சொல்லிப் பயமுறுத்தப்படாதவர்கள் நம்மூரில் குறைவுதான். அது வெறும் பூச்சாண்டி இல்லை. 2004 கடைசி வரை இந்தியாவில் அந்த மருந்தைத் தயாரித்தார்கள். ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்த்து, கிருமியைச் சாகடித்து, அந்த மூளைக் கூழையே ஊசியில் ஏற்றுவது. டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் 1911-ல் கசௌலியில் உருவாக்கிய முறை இது. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பல வருடங்கள் ஆட்டு மூளையிலிருந்துதான் மருந்து தயாரானது.

அந்த ஊசியால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் ஒரு சிலருக்கு மட்டும், ஊசி போட ஆரம்பித்து இரண்டு மூன்று வாரங்களில் கால்கள் மரத்துப்போகும், பிறகு அசையாமல் போய்விடும். சிலர் இறந்தும் போனார்கள். வெறிநோய் வந்துவிட்டதா என்றால், இல்லை. 1885-ல் லூயி பாஸ்டர் முயலின் தண்டுவடத்திலிருந்து முதல் தடுப்பூசி போட்டாரே, அதற்கு அடுத்த சில வருடங்களிலேயே இப்படிப்பட்ட கேஸ்கள் வர ஆரம்பித்துவிட்டன.

காரணம் இன்று தெரியும். ஊசியில் போன ஆட்டு மூளையை எதிரி என்று எடுத்துக்கொண்ட உடம்பு, அதை எதிர்க்கப் படை திரட்டியது. ஆட்டு நரம்பின் மேலுறையும் (மயலின்) மனித நரம்பின் மேலுறையும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பவை. எனவே அதே படை சொந்த நரம்பையும் தாக்கியது. இப்படி உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குவதால் வருபவைதான் ஆட்டோஇம்யூன் நோய்கள். தமிழில் தன்னுடல் தாக்குநோய் என்கிறார்கள். வேலியே பயிரை மேய்கிற கதை. முடக்குவாதம், லூப்பஸ், டைப் 1 சர்க்கரை நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று இந்தக் குடும்பத்தில் 80-க்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன.

ஒரு பத்தியில் சொல்லிவிட முடிகிற இந்த விஷயத்தை மருத்துவ உலகம் சுமார் 50 வருடம் நம்ப மறுத்தது. முட்டாள்தனத்தால் அல்ல. ஒரு மேதை சொன்ன இரண்டு லத்தீன் வார்த்தைகளால்.

அந்த மேதை பால் எர்லிக். ஜெர்மானியர். 1900-ஐ ஒட்டிய வருடங்களில் அவரும் அவருடைய சகா யூலியஸ் மார்கன்ராத்தும் வெள்ளாடுகளை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஓர் ஆட்டின் ரத்தத்தை எடுத்து இன்னோர் ஆட்டுக்கு ஊசி போட்டார்கள். ஊசி வாங்கிய ஆட்டின் உடம்பில் ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) உண்டானது. மற்ற ஆடுகளின் சிவப்பணுக்களை அது கரைத்தது. ஆனால் தன்னுடைய சொந்தச் சிவப்பணுவை மட்டும் தொடவில்லை! எத்தனை ஆடுகளில் பார்த்தாலும் இதே கதை.

தன்னைத் தானே விஷமாக்கிக்கொள்ள உடம்புக்கு ஒரு பயம் இருக்கிறது என்று எர்லிக் முடிவு செய்து, அதற்கு 'ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்' என்று பெயர் வைத்தார். அவர் சொன்னதைக் கவனமாகப் படித்தால் ஒன்று புரியும். சொந்த உடம்புக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகவே முடியாது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. அப்படி உண்டானால் அது நோயில் முடியாதபடி தடுக்க உடம்பில் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் 1908-ல் நோபல் பரிசு வாங்கிய மனிதரின் வார்த்தையை யார் நிதானமாகப் படிக்கிறார்கள்? 'ஏற்பாடு இருக்கிறது' என்பது உதிர்ந்துபோய், 'உடம்பு தன்னைத் தாக்காது' என்பது மட்டும் சட்டமாக நின்றுவிட்டது.

இதில் வேடிக்கை, சட்டத்தை உடைக்கும் ஆதாரம் சீக்கிரமே வந்துவிட்டது. 1904-ல் வியன்னாவில் யூலியஸ் டோனாத், கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் என்ற இருவர் ஒரு விசித்திர நோயை ஆராய்ந்தார்கள். குளிரில் போய்விட்டு வந்தால் நோயாளிக்குச் சிறுநீர் கறுப்பாகப் போகும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து, அந்த நிறம்தான் சிறுநீரில் இறங்குகிறது. ஏன் குளிரில் மட்டும்? நோயாளியின் ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து முதலில் ஐஸில் வைத்தார்கள், பிறகு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்பணுக்கள் கரைந்தன. ஆரோக்கியமானவரின் சிவப்பணுவோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்தாலும் கரைந்தன. ஆக, குற்றவாளி சீரத்தில் இருக்கும் ஆன்டிபாடி. குளிரில் அது சிவப்பணுவோடு ஒட்டிக்கொள்கிறது, சூடு வந்ததும் உடைக்கிறது. உடம்பு தன்னையே தாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுமா?

இந்த லேண்ட்ஸ்டெய்னர் யார் என்று தெரிகிறதல்லவா? ஏ, பி, ஓ என்று ரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்தவர். சாதாரண ஆள் இல்லை. இருந்தும் அவருடைய இந்தக் கண்டுபிடிப்பை ஒரு 'விதிவிலக்கு' என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். அந்த நோய் அரிதானது, அந்தக் காலத்தில் பெரும்பாலும் சிஃபிலிஸ் உள்ளவர்களுக்கே வந்தது, எனவே பழியைச் சிஃபிலிஸ் மேல் போட வசதியாகவும் இருந்தது.

1930-களில் இன்னொரு தட்டு. நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தின் தாமஸ் ரிவர்ஸ், அந்த நாய்க்கடி ஊசியின் புதிரையே கையில் எடுத்தார். கிருமி எதுவும் இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார். சில குரங்குகளுக்குக் கைகால் விழுந்தது. மூளையை வெட்டிப் பார்த்தால் நரம்பின் மேலுறை உரிந்திருந்தது. கிருமியே இல்லாமல் வந்த பக்கவாதம்! மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பற்றிய இன்றைய ஆராய்ச்சிகள் பலவற்றுக்கு வேர் இந்தக் குரங்குச் சோதனைதான். ஆனால் எர்லிக்கின் சட்டம் அப்போதும் விழவில்லை.

விழவைத்தது ஓர் இளைஞர். எர்லிக்கின் பள்ளியிலேயே!

எர்னஸ்ட் விடெப்ஸ்கி, எர்லிக்கின் சீடரான ஹான்ஸ் சாக்ஸிடம் படித்தவர். அதாவது பேரப்பிள்ளை முறை. யூதர் என்பதால் ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். 1951-ல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த 20-களில் இருந்த இளைஞர் நோயல் ரோஸ். தைராய்டு சுரப்பியில் உள்ள தைரோகுளோபுலின் என்ற புரதத்தை ஆராய்வது வேலை. முயலின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து முயலுக்கே போட்டார் ரோஸ். எர்லிக் சொன்னபடி ஒன்றும் நடக்கக் கூடாது. ஆனால் ஆன்டிபாடி உண்டானது. 'அது வேறு முயலின் புரதம், அதனால்தான்' என்று சொல்லிவிடலாமே? எனவே ஒரு முயலின் தைராய்டில் பாதியை அறுவை செய்து எடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்கே போட்டார்கள். அப்போதும் ஆன்டிபாடி வந்தது. அதைவிட முக்கியம், மீதியிருந்த தைராய்டு வீங்கி, வெள்ளையணுக்கள் புகுந்து சிதைந்திருந்தது.

விடெப்ஸ்கிக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. தாத்தா சொன்னது தப்பு என்று பேரன் எழுத வேண்டிய நிலைமை. அவசரப்படாமல் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த பிறகுதான் வெளியிட்டார்கள். 1956-ல் கட்டுரை வந்தது. இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்வது நியாயமில்லை. பெரிய உண்மையை மாற்றிச் சொல்பவன் இரண்டு முறை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். 50 வருடம் எண்ணிப் பார்க்காமலே இருந்தவர்கள்தான் கேள்விக்குரியவர்கள்.

அதே 1956-ல் லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட், பீட்டர் கேம்ப்பெல் மூவரும் மனிதர்களிலேயே இதைக் கண்டார்கள். ஹாஷிமோட்டோ நோய் உள்ளவர்களின் சீரத்தைத் தைராய்டுச் சாற்றோடு சேர்த்தால் இரண்டும் வினைபுரிந்து வீழ்படிவானது. முயலில் செயற்கையாக வரவழைத்த நோய், மனிதர்களுக்குத் தானாகவே வந்துகொண்டிருந்திருக்கிறது! இந்த ஹாஷிமோட்டோ ஒரு ஜப்பானிய அறுவை மருத்துவர். நான்கு பெண்களின் வீங்கிய தைராய்டை ஆராய்ந்து 1912-ல் ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு பெரிய கட்டுரை எழுதிவிட்டு, சொந்த ஊருக்கு வைத்தியம் பார்க்கப் போய்விட்டார். 1934-ல் டைபாய்டில் இறந்தார். உலகம் முழுக்கத் தைராய்டு ரிப்போர்ட்டுகளில் தன் பெயர் அச்சாகும் என்று பாவம், அவருக்குத் தெரிந்திருக்காது.

இதற்குப் பிறகு கதவு திறந்துகொண்டது. நோய்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் கேள்வி தலைகீழாகத் திரும்பியது. உடம்பு தன்னைத் தாக்க முடியும் என்றால், ஏன் எல்லோருக்கும் இந்த நோய் வரவில்லை? எர்லிக் சொன்ன அந்த 'ஏற்பாடு' எது?

முதல் விடை தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சுரப்பி. டி-செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அங்கே பயிற்சி பெறுகின்றன, சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படுகின்றன என்று தெரியவந்தது. பள்ளிக்கூடத்திலேயே ரவுடிகளை வடிகட்டிவிடுவது மாதிரி. ஆனால் வடிகட்டியிலும் ஓட்டை உண்டு. தப்பி வெளியே வருபவை எல்லோர் உடம்பிலும் இருக்கின்றன. அவற்றை யார் அடக்குகிறார்கள்?

1970-களில் 'அடக்கும் டி-செல்கள்' இருக்கின்றன என்று ஒரு பெரிய அலை எழுந்தது. ஏராளமான கட்டுரைகள் வந்தன. 1980-களில் அவற்றுக்கு அடிப்படை என்று நம்பிய ஜீனைத் தேடினால், அந்த இடத்தில் அப்படி ஒரு ஜீனே இல்லை! அவ்வளவுதான். அடக்கும் செல் என்று பேசினாலே சிரிக்கிற நிலைமை. மீண்டும் ஒரு கதவு சாத்தப்பட்டது. இந்த முறை லத்தீன் வார்த்தை இல்லை, அவமானம்.

அந்த நேரத்திலும் விடாமல் தேடியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. அவரைப் பிடித்து இழுத்தது 1969-ல் வந்த ஒரு சோதனை. பிறந்து மூன்றாம் நாளில் சுண்டெலியின் தைமஸை எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி குறையத்தானே வேண்டும்? மாறாக, எலி தன் சூலகத்தையே தாக்கி அழித்தது. அப்படியானால் தைமஸிலிருந்து கொஞ்சம் தாமதமாக வெளியே வரும் செல்களில் காவலர்கள் இருக்க வேண்டும். அந்தக் காவலருக்கு அடையாளம் என்ன என்று கண்டுபிடிக்க அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1995-ல் கண்டுபிடித்தார். சிடி25 என்ற புரதத்தைச் சுமக்கும் டி-செல்கள். அவற்றை நீக்கிவிட்டு மற்ற டி-செல்களை மட்டும் எலிக்குக் கொடுத்தால் பல உறுப்புகளில் ஆட்டோஇம்யூன் நோய். நீக்கியதையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் இல்லை. இவைதான் இன்று 'ஒழுங்குபடுத்தும் டி-செல்கள்' எனப்படுகின்றன. அப்போதும் பலர் நம்பவில்லை. சூடுகண்ட பூனைகள்!

நம்ப வைத்தது ஒரு நோஞ்சான் எலி வம்சம். அணுகுண்டுத் திட்டத்துக்காக உருவான அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய எலிகள் வளர்த்தார்கள். 1940-களின் இறுதியில் அங்கே தோல் செதில் செதிலாக உரியும் ஆண் குட்டிகள் பிறந்தன. சில வாரங்களே வாழ்ந்தன. அவற்றின் எதிர்ப்பு மண்டலம் உடம்பு முழுவதையும் தாக்கிக்கொண்டிருந்தது. 1990-களில் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் அதற்குக் காரணமான ஜீனைத் தேடினார்கள். எக்ஸ் குரோமோசோமில் ஒரு துண்டைக் குறிவைத்து, அதில் இருந்த 20 ஜீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், குறை இருந்தது கடைசி ஜீனில்! ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டார்கள். ஐபெக்ஸ் என்ற கொடிய நோயோடு பிறக்கும் ஆண் குழந்தைகளிலும் அதே ஜீனில்தான் பழுது. இது 2001-ல். இரண்டே வருடத்தில் சகாகுச்சியும் மற்றவர்களும் முடிச்சை அவிழ்த்தார்கள். காவல் செல்களை உருவாக்குவதே இந்த ஜீன்தான்.

2025 அக்டோபரில் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. ஸ்வீடனிலிருந்து வந்த அழைப்பை ஏதோ ஸ்பேம் என்று நினைத்து பிரன்கோ எடுக்கவில்லை. ராம்ஸ்டெல் மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். போனில் செய்தியைப் பார்த்து மனைவி கத்தியபோது, கரடி வந்துவிட்டதோ என்று பயந்தாராம்.

சரி, நோயாளிக்கு என்ன கிடைத்தது? 1948-ல் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். அதற்கு நோபல் வந்தது, கூடவே பக்கவிளைவுகளும் வந்தன. அன்றிலிருந்து வெகுகாலம் வைத்தியம் என்றால் மொத்தப் படையையும் மயக்கம் போட வைப்பதுதான். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பி, எலும்பு தேய்ந்து, சாதாரணச் சளிக்கும் பயந்து வாழும் லூப்பஸ் நோயாளிகளைக் கேட்டால் தெரியும்.

2021-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், எந்த மருந்துக்கும் அடங்காத லூப்பஸ் உள்ள 20 வயதுப் பெண்ணுக்கு வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். அவருடைய டி-செல்களை வெளியே எடுத்து, ஆன்டிபாடி தயாரிக்கும் பி-செல்களை மட்டும் வேட்டையாடும்படி ஜீன் மாற்றி, திரும்ப உடம்புக்குள் விட்டார்கள். கார்-டி என்ற ரத்தப் புற்றுநோய் சிகிச்சைதான் அது. நோய் அடங்கியது. 2024-ல் அதே குழு 15 பேரின் முடிவுகளை வெளியிட்டது. லூப்பஸ் உள்ள 8 பேர், மற்ற இருவகை நோய்கள் உள்ள 7 பேர். எல்லோரும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டிருந்தார்கள். இதில் மிக ஆச்சரியமானது, சில மாதங்களில் பி-செல்கள் திரும்ப வந்தன, ஆனால் அவற்றுக்குப் பழைய பகை ஞாபகம் இல்லை.

15 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. எத்தனை வருடம் தாங்கும் என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். விலையும் மலைக்க வைக்கும். ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய இந்தியாவின் முதல் கார்-டி 2023-ல் அனுமதி பெற்றபோது, வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லப்பட்டது. அந்த அனுமதி ரத்தப் புற்றுநோய்களுக்குத்தான். ஆனால் அது வேட்டையாடுவதும் எர்லாங்கனில் வேட்டையாடிய அதே பி-செல்களைத்தான்.