பனங்கள்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட நிலத்தின் மது

பனங்கள் என்பது பனையின் பாளையிலிருந்து வடியும் சாறு தானாகப் புளித்து உருவாகும் மது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் கண்மாய்க் கரைகளிலும் ஓடை ஓரங்களிலும் புஞ்சை வரப்புகளிலும் நிற்கும் பனைகள் உரமோ பூச்சிமருந்தோ பாசனமோ இல்லாமல் வளர்பவை. மத்தியதரைக் கடல் பகுதியில் இதே போன்ற வறண்ட நிலங்களில் விளையும் திராட்சை மது, ஊர்ப்பெயரும் சட்டப் பாதுகாப்பும் பெற்று உலகெங்கும் விற்கப்படுகிறது. பனங்கள் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இவ்வேறுபாட்டுக்கு மதுவின் இயல்பு, சாதி வரலாறு, மதுவிலக்குச் சட்டம் ஆகிய மூன்றும் காரணங்கள்.

நிலமும் மரமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் பெரும்பாலும் கரிசல் மண் கொண்டவை. திருச்சுழி வழியாக ஓடும் குண்டாற்றில் மழைக்காலத்தில் மட்டுமே நீர் வரும். வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியே வேளாண்மை நடக்கிறது. மழை பொய்த்த ஆண்டிலும் பலன் தரும் மரம் என்பதால் பனை இங்கு பஞ்ச காலத்தின் துணையாக இருந்தது.

பனை பாளை விடுவதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன்பின் பல பத்தாண்டுகள் சாறு தரும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் சாறு இறக்கலாம். பனையேறி காலில் தளைநார் மாட்டி மரம் ஏறி, பாளையைக் கடிப்பால் நசுக்கி, பாளை அரிவாளால் நுனியைச் சீவி, கலயம் கட்டி வருவார். பாளை காய்ந்துவிடாமல் இருக்க நாள்தோறும் சீவ வேண்டும். கோடைப் பருவம் முழுவதும் ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. அது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிரிகள் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றிவிடும். அது கள். நொதித்தல் கலயத்திலேயே தொடங்கி, சில மணி நேரத்தில் கள் குடிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். ஓரிரு நாள் போனால் காடியாகப் புளித்துவிடும்.

பழங்கால மதுவும் யவனர் மதுவும்

கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி என மதுவுக்குப் பல சொற்கள் சங்க இலக்கியத்தில் உள்ளன. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் அருந்துவதை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. வைகை கடலில் சேரும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் நடந்த அகழாய்வுகளில் ஆம்போரா எனப்படும் மத்தியதரைக் கடல் பகுதிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் இத்தகைய ஓடுகள் கிடைத்தன.

சாடியில் அடைத்த திராட்சை மது பல மாதக் கடற்பயணத்தைத் தாங்கியது. ஆகவே அது வணிகப் பொருளானது; எந்த ஊர் மது என்ற அடையாளமும் அதனுடன் பயணம் செய்தது. பனங்கள் இறக்கிய இடத்திலேயே குடிக்கப்பட வேண்டியது. பனையிலிருந்து தொலைதூரம் போகக்கூடிய பொருள் கருப்பட்டிதான். விடிலிகளில் பதநீரைக் காய்ச்சி, சிரட்டைகளில் ஊற்றி எடுத்த கருப்பட்டி சந்தைகளுக்குச் சென்றது. கள் உள்ளூரிலேயே தங்கியது.

மரத்திலிருந்து இறங்கியவர்கள்

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே வந்த நாடார் வணிகர்கள் கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலியவற்றைப் பொதிமாடுகளிலும் வண்டிகளிலும் கொண்டுவந்தனர். பாதுகாப்புக்காகப் பேட்டைகளை அமைத்தனர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறும் அவர்களுடைய முதன்மை வணிக ஊர்களாக வளர்ந்தன. உறவின்முறை அமைப்புகள் மகமை வசூலித்துப் பள்ளிகளும் கிணறுகளும் கோயில்களும் கட்டின. இவ்வூர்களின் வணிகக் குடும்பங்கள் பனையேற்றத்திலிருந்து விலகின.

இந்த விலகலுக்குப் பொருளாதாரம் மட்டும் காரணமல்ல. திருச்சுழிக்குத் தென்கிழக்கே உள்ள கமுதியில் 1897இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தது வழக்கானது. பனைச்சாறு இறக்குவதும் மது தயாரிப்பதும் அவர்களது பரம்பரைத் தொழில் என்பது அவர்களுக்கு எதிரான வாதங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. இடையில் 1899இல் சிவகாசிக் கலவரம் நடந்தது. நாடார் மகாஜன சங்கம் 1910இல் உருவானது. 1921இல் ‘நாடார்’ என்ற பெயரை அரசு ஏற்றது.

பிரான்சிலோ இத்தாலியிலோ திராட்சைத் தோட்டம் வைத்திருப்பது குடும்பப் பெருமையாகக் கருதப்பட்டது. இங்கே மரம் ஏறுவது கோயில் வாசலில் நிறுத்தப்படுவதற்குக் காரணமானது. கல்வியும் வணிகமும் வாய்த்தவர்கள் மரத்தை விட்டு இறங்கினார்கள். வழியில்லாதவர்கள் தொடர்ந்து ஏறினார்கள்.

சட்டமும் தடையும்

சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின்கீழ் கள் அரசின் வருவாய் இனமாக இருந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி கட்ட வேண்டும். கள்ளுக்கடைகள் ஏலம் விடப்பட்டன. 1921இல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தின் பகுதியாகக் கள்ளுக்கடை மறியல் நடந்தது. 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 அக்டோபர் 2 முதல் அது மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தொழிலிழந்த பனையேறிகளைப் பதநீருக்கும் கருப்பட்டிக்கும் திருப்பப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊக்குவிக்கப்பட்டன.

1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1973இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டு, 1981இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1987 ஜனவரி 1 முதல் கள் மீண்டும் தடை செய்யப்பட்டது. அத்தடை இன்றும் நீடிக்கிறது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையையும் நடத்துகிறது.

கள்ளில் போதைப்பொருள் கலப்பதைக் கண்காணிப்பது கடினம், குடியால் ஏழைக் குடும்பங்கள் சீரழியும் என்பவை தடையை ஆதரிப்போரின் வாதங்கள். ஆலை மதுவை அரசே விற்கும்போது, சாராயச் சத்து குறைந்த மரத்து மதுவை மட்டும் தடுப்பது நியாயமல்ல என்பது எதிர்ப்போரின் வாதம். பதநீருக்கும் கள்ளுக்கும் இடையே இருப்பது சுண்ணாம்புப் பூச்சு மட்டுமே என்பதால், பதநீர் இறக்குபவரும் சந்தேகத்துக்கு ஆளாக நேர்கிறது.

பிற நிலங்களில்

சிசிலிக்கும் துனிசியாவுக்கும் இடையே உள்ள பாந்தலேரியா தீவும் மழை குறைந்த, காற்று மிகுந்த நிலம். அங்கு ஒவ்வொரு திராட்சைச் செடியையும் குழிக்குள் நட்டுக் குட்டையாக வளர்க்கிறார்கள். குழி காற்றைத் தடுத்து ஈரத்தைக் காக்கும். இம்முறையை 2014இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இயற்கை வேளாண் மதுவுக்கான தனி விதிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வகுத்தது.

பனங்கள்ளுக்கும் இதற்கு நெருக்கமான முன்மாதிரி உண்டு. இலங்கையின் வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சேகரித்து விற்கின்றன. சூடேற்றிப் புட்டியில் அடைத்த பனங்கள் நீண்ட நாள் கெடாமல் இருப்பதால் ஏற்றுமதியும் ஆகிறது. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குகின்றன.

இன்றைய நிலை

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் தமிழக அரசு பனை விதைகளை நடும் திட்டத்தை அறிவித்தது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதியையும் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே செங்கல் சூளைகளுக்காக ஏராளமான பனைகள் வெட்டப்பட்டுவிட்டன. தரிசுகளில் சீமைக் கருவேலம் பரவியது.

இன்று நடப்படும் விதை பாளை விட ஒரு தலைமுறைக் காலத்தின் பாதியாவது ஆகும். அப்போது அதில் ஏறத் தெரிந்தவர்கள் இருப்பார்களா என்பதே இவ்வட்டாரப் பனையின் முதன்மையான கேள்வி. பனையேற்றம் பயிற்சி, காப்பீடு, நல்ல வருமானம், இழிவற்ற பெயர் ஆகியவை கொண்ட தொழிலாக மாறினால்தான் எந்தச் சாதியினரும் அதை விரும்பி ஏற்பார்கள். கள் சட்டபூர்வமானாலும் பதநீர் மட்டுமே தொடர்ந்தாலும் இந்தத் தேவை மாறுவதில்லை.