விமானிகளின் காத்திருப்புப் பணி

விமானிகளின் காத்திருப்புப் பணி என்பது, குறிப்பிட்ட பயணம் எதுவும் ஒதுக்கப்படாத நிலையில், விமான நிறுவனம் அழைத்தவுடன் பணிக்கு வரும் வகையில் ஒரு விமானி ஆயத்தமாக இருக்க வேண்டிய காலப்பகுதி ஆகும். இந்திய விமானிகள் இதை ஸ்டாண்ட்பை என்றே குறிப்பிடுவர். அமெரிக்காவில் இது ரிசர்வ் எனப்படுகிறது. பணிக்கு வரவிருந்த விமானி நோய்வாய்ப்பட்டாலோ, முந்தைய பயணம் தாமதமாகி அவருடைய பணிநேர வரம்பு தீர்ந்துவிட்டாலோ, காத்திருப்பில் உள்ளவர் அவ்விடத்தை நிரப்புகிறார். விமானிகளின் ஊதியத்தில் பெரும்பங்கு பறந்த மணிகளைக் கொண்டு கணக்கிடப்படுவதால், பறக்காமல் காத்திருக்கும் நேரத்திற்கு யார் விலை கொடுப்பது என்பது இத்துறையில் தொடர்ந்து சர்ச்சைக்குரியதாக உள்ளது.

தேவை

பேருந்து ஓட்டுநருக்கு மாற்றாக அதே பணிமனையின் வேறொரு ஓட்டுநரை அனுப்பலாம். விமானியை அவ்வாறு மாற்ற இயலாது. ஒருவர் எந்த வகை விமானத்திற்குத் தகுதிச்சான்று பெற்றுள்ளாரோ அதையே இயக்கலாம். சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கப்பட்ட சேவைகளில் ஏ.டி.ஆர். வகைச் சிறுவிமானங்கள் பயன்படுத்தப்பட்டன. அவ்விமானத்தின் துணை விமானிக்குக் காய்ச்சல் கண்டால், ஏர்பஸ் ஏ320 இயக்கும் ஒருவர் அருகிலேயே ஓய்வாக இருந்தாலும் பயனில்லை. எனவே ஒவ்வொரு விமான வகைக்கும், ஒவ்வொரு தளத்திற்கும், தலைமை விமானி, துணை விமானி என ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே காத்திருப்போர் தேவைப்படுகின்றனர். இவர்களுள் பலர் ஒரு நாளில் அழைக்கப்படாமலே போகலாம். நிறுவனத்தின் கணக்கில் இது வீண்செலவாகத் தோன்றும். இதைக் குறைக்கும் ஆசை நிர்வாகங்களுக்கு எப்போதும் உண்டு.

இந்திய விதிகள்

இந்தியாவில் விமானிகளின் பணிநேரத்தைப் பொது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) வரையறுக்கிறது. இவ்விதிகளின்படி காத்திருப்பு 12 மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது. விமான நிலையத்திலேயே காத்திருந்தால் உச்ச வரம்பு 8 மணி நேரம் ஆகும்.

எங்கே காத்திருந்தார் என்பதைப் பொறுத்தே அந்நேரம் பணியாக எண்ணப்படுகிறது. விமான நிலையத்தில் இருந்த நேரம் முழுவதும் பணிநேரமே. வீட்டிலோ விடுதியிலோ இருந்து, அழைப்பு வராமல் போனால், கால் பங்கு மட்டுமே கணக்கில் சேரும். எடுத்துக்காட்டாக, விமான நிலையத்தில் 8 மணி நேரம் காத்திருந்தவருக்கு 8 மணி நேரப் பணி பதிவாகும். வீட்டில் 12 மணி நேரம் காத்திருந்தவருக்கு 3 மணி நேரமே பதிவாகும். அழைப்பு வந்து பறக்க நேர்ந்தால், காத்திருந்த நேரமும் விதிப்படி அன்றைய பணிக்கணக்கில் சேர்க்கப்படுகிறது.

வீட்டுக் காத்திருப்பை விடுமுறையாகக் கருதலாகாது. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்தக் கூடாது என்பது இந்திய விதி. ஆகவே காத்திருப்பவருக்கும் அது பொருந்தும். தொலைபேசி ஒலித்தால் எடுக்க வேண்டும், ஊரை விட்டு வெளியே செல்லக் கூடாது, எந்நேரம் அழைப்பு வரும் என்று தெரியாமலே உறக்கத்தைத் திட்டமிட வேண்டும். இவற்றுள் கடைசியானதே மிகவும் கடினமானது. இரவு அழைப்பை எதிர்பார்த்துப் பகலில் உறங்க முயல்பவருக்கு உறக்கம் வருவதில்லை. உறங்காமல் இருந்துவிட்டாலோ அழைப்பு வந்துவிடுகிறது.

தளமும் வீடும்

அழைத்தபின் குறிப்பிட்ட நேரத்திற்குள் விமான நிலையத்தை அடைய வேண்டியிருப்பதால், காத்திருப்புப் பணி விமானியின் வசிப்பிடத்தையும் கட்டுப்படுத்துகிறது. தருமபுரி மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. அருகில் உள்ளது ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் அமைந்த சேலம் விமான நிலையம். ஆனால் விமானிகளின் பணித்தளங்கள் பெரும்பாலும் பெங்களூரு, சென்னை போன்ற பெருநகரங்களிலேயே உள்ளன. தருமபுரி நகரிலிருந்து தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையம் 150 கி.மீட்டருக்கும் அதிகத் தொலைவில் உள்ளது. நெடுஞ்சாலை நன்றாக இருந்தாலும் ஓசூரையும் பெங்களூரு நகரையும் கடந்தாக வேண்டும். இம்மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் சொந்த வீட்டில் இருந்தபடி அங்கே காத்திருப்புப் பணி செய்வது நடைமுறையில் இயலாது. தளத்திற்கு அருகில் வாடகை வீடு எடுக்க வேண்டும். அந்த வாடகையும் காத்திருப்பின் செலவே ஆகும்.

தளத்திற்கும் வீட்டிற்கும் இடையிலான தொலைவு பாதுகாப்புடனும் தொடர்புடையது. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கொல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் துணை விமானி, சியாட்டில் அருகே உள்ள தம் வீட்டிலிருந்து இரவோடு இரவாக நாட்டின் மறுகோடியில் உள்ள நூவர்க் தளத்திற்கு வந்து, பணியாளர் அறையில் சற்று ஓய்வெடுத்துவிட்டுப் பணியில் ஏறியிருந்தார். விமானிகளின் களைப்பு இவ்விபத்தின் பின் பெரிதும் பேசப்பட்டது. 2014 சனவரியில் அந்நாட்டில் புதிய பணிநேர விதிகள் நடைமுறைக்கு வந்தன.

ஊதியம்

இந்திய விமானியின் ஊதியம் பொதுவாக இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று நிலையான மாதச் சம்பளம். மற்றொன்று பறப்புப்படி, அதாவது பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் தரப்படும் தொகை. விமானம் புறப்படுவதற்காக முதலில் நகரும் கணத்திலிருந்து, பயணம் முடிந்து நிற்கும் கணம் வரையிலான நேரமே பறப்பு நேரம் ஆகும். அதற்கு முந்தைய ஆயத்தங்களுக்கும், இடையில் விமான நிலையத்தில் காத்திருப்பதற்கும் இதில் இடமில்லை.

அழைப்பு வராத காத்திருப்பு நாளில் பறப்பு நேரம் சுழியம். இதை ஈடுசெய்வதே குறைந்தபட்ச உறுதி மணிகள் என்னும் ஏற்பாடு. மாதம் 70 மணி என்று ஒப்பந்தம் இருந்தால், குறைவாகப் பறந்தாலும் 70 மணிக்கான படி கிடைக்கும். கூடுதலாகப் பறந்தால் கூடுதல் தொகை உண்டு. ஒருவர் பல நாட்கள் காத்திருப்பில் இருந்து மாதத்தில் 45 மணி மட்டும் பறந்தார் என்று கொள்வோம். உறுதி 70 மணியாக இருந்தால் அவருக்கு 70 மணிக்கான படி கிடைக்கும். உறுதி 40 ஆகக் குறைந்தால் 45 மணிக்கே கிடைக்கும். மணிக்கு ரூ. 5,000 என்று கணக்குக்காகக் கொண்டால், வேறுபாடு ரூ. 1,25,000. வேலை அதேதான், காத்திருந்த நாட்களும் அதே நாட்கள்தான்.

70 இலிருந்து 40 ஆகக் குறைப்பது கற்பனையான எடுத்துக்காட்டு அன்று. டாட்டா குழுமத்தின் ஏர் இந்தியா 2023 ஏப்ரலில் முன்வைத்த ஒப்பந்தத்தில் உறுதி மணிகள் 40 என இருந்தது. இரு விமானிகள் சங்கங்கள் அதில் கையெழுத்திட வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டன. ஏர் இந்தியாவுடன் இணையவிருந்த விஸ்தாரா நிறுவனமும் 2024 தொடக்கத்தில் 70 மணியை 40 ஆக்கியது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் பல விமானிகள் பணிக்கு வராததால் பயணங்கள் நீக்கப்பட்டன. அரசு விளக்கம் கேட்டது. பணிப்பட்டியல் மிகவும் இறுக்கமாக இருந்ததை நிறுவனத் தலைமையும் ஏற்றுக்கொண்டது. ஏப்ரலில் நாளொன்றுக்கு 25 முதல் 30 பயணங்கள் குறைக்கப்பட்டன. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தது.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் ரிசர்வ் விமானிகளுக்கு மாதம் 70 முதல் 75 மணி வரை ஊதிய உறுதி இருப்பது வழக்கம். பணிமூப்பின்படி பணிகள் தெரிவு செய்யப்படுவதால், ரிசர்வ் பெரும்பாலும் புதியவர்கள் தலையில் விழுகிறது. குறுகிய அழைப்புக் காத்திருப்பு அங்கே 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டுக் காத்திருப்பின் வரம்பு 16 மணி நேரம். அங்கும் கால் பங்கே பணிக்கணக்கில் சேர்க்கப்படுகிறது.

2025 டிசம்பர் நெருக்கடி

திருத்தப்பட்ட இந்தியப் பணிநேர விதிகள், நீதிமன்ற வழக்கிற்குப் பின், இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. 2025 சூலை 1 முதல் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்ந்தது. நவம்பர் 1 முதல் இரவுப் பணிக்கான கட்டுப்பாடுகள் வந்தன. ஒருவர் இரவு நேரத்தில் 2 முறைக்கு மேல் தரையிறக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. முன்னர் இது 6 ஆக இருந்தது. அதே பயணங்களை இயக்கக் கூடுதல் விமானிகள் தேவைப்பட்டனர்.

நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ இதற்குப் போதுமான அளவு ஆயத்தமாகவில்லை. டிசம்பர் 3 முதல் 5 வரை அதன் 2,507 பயணங்கள் நீக்கப்பட்டன. 3 லட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தனர். அந்நிறுவனத்திற்கு 2026 பிப்ரவரி 10 வரை இரவுப்பணி விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. இதனால் களைப்பைக் குறைக்க வந்த விதியே முதலில் தளர்த்தப்பட்டது என்று விமானிகள் சங்கங்கள் குறைகூறின. பணியாளர்களையும் விமானங்களையும் அளவுக்கு மீறி இறுக்கிப் பயன்படுத்தி, இடர் நேரும்போது மீள்வதற்கான இருப்பை நிறுவனம் வைத்திருக்கவில்லை என்று டி.ஜி.சி.ஏ. விசாரணை முடிவு செய்தது. 2026 சனவரியில் ரூ. 22.20 கோடி தண்டம் விதிக்கப்பட்டது.