ஜாமீன் தேடிய கம்பெனி



மலர்க் குழுக் கூட்டத்துக்காக இரண்டு மாதம் முன்பு கல்லூரிக்குப் போயிருந்தேன். கேன்டீனில் காபிக்காக நின்றபோது இறுதியாண்டு மாணவர் ஒருவர் வந்து அறிமுகம் செய்துகொண்டார். "சார், நானும் ரூம்மேட்டும் சேர்ந்து பிளாக்செயின்ல ஒண்ணு பண்ணிட்டிருக்கோம். ஆக்ஸிலரேட்டர் ஒண்ணுக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கோம். மூணு மாசம்தான். ஆனா கம்பெனியில ஏழு சதவீதம் எடுத்துக்கறாங்க. குடுக்கலாமா சார்?" என்றார். பக்கத்தில் நின்ற ரூம்மேட், "கம்பெனியே இன்னும் ரிஜிஸ்டர் பண்ணல, அதுக்குள்ள ஏழு சதவீதம்" என்று முணுமுணுத்தார்.

நின்றபடியே பதில் சொல்லக்கூடிய கேள்வியில்லை அது. "மலர்ல எழுதறேன்பா" என்று சொல்லிவிட்டேன். மலர் ஆசிரியர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. 1990களின் கடைசியில் நானும் இரண்டு வகுப்புத் தோழர்களும் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தோம். எட்டு மாதம் இரவு பகலாக ஒரு பில்லிங் புரோகிராம் எழுதினோம். எழுதி முடித்து, மொத்த வியாபாரி ஒருவர் கடையில் போட்டுக் காட்டினோம். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, இதுல பழைய பாக்கி எங்க வருது?" என்று கேட்டார். பாக்கிக்கு நாங்கள் இடமே வைக்கவில்லை! எட்டு மாதத்தில் ஒரு கடைக்காரரிடமாவது போய்ப் பேசியிருக்கலாம். போய்ப் பேசுங்கடா என்று சொல்லவும் எங்களுக்கு ஆளில்லை. மூன்றாம் வருடம் கம்பெனியை மூடினோம். சரி, கதைக்கு வருவோம்.

ஆக்ஸிலரேட்டர் என்றால் என் வயதுக்காரர்களுக்கு வண்டியில் முறுக்குவதுதான் ஞாபகத்துக்கு வரும். தமிழ் மீடியத்தில் பௌதிகம் படித்தவர்கள் 'முடுக்கி' என்பார்கள். பொருத்தமான பெயர்தான். 2005 மார்ச்சில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பால் கிரஹாம், ஜெசிகா லிவிங்ஸ்டன், ராபர்ட் மோரிஸ், டிரெவர் பிளாக்வெல் ஆகிய நால்வர் ஒய் காம்பினேட்டர் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். கிரஹாம் ஏற்கெனவே வயாவெப் என்ற கம்பெனியை நடத்தி, 1998இல் யாஹூவுக்கு விற்றவர். அந்த 2005 கோடையில் எட்டுக் குழுக்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் ஒன்று ரெட்டிட். அதன் இரண்டு இளைஞர்களுக்கும் கிடைத்த தொகை மொத்தம் 12,000 டாலர். கோடை முழுக்க வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதும், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைதோறும் எல்லோருக்கும் ஒன்றாக ராத்திரிச் சாப்பாடு. ஆரம்ப நாட்களில் கிரஹாமே சமைத்தார்.

அதுவரை முதலீட்டாளர்கள் ஒரு சிலரைப் பொறுக்கியெடுத்துப் பெரிய பணம் கொடுப்பார்கள். இங்கே பலருக்கு, சிறு தொகையாக, ஒரே நாளில் வகுப்பு தொடங்குகிற மாதிரி. மூன்று மாதம் முடிந்ததும் ஒரு நாள் முதலீட்டாளர்களை வரவழைத்து, ஒவ்வொருவரும் மேடையேறிச் சில நிமிடங்களில் தம் தொழிலை விளக்க வேண்டும். பரீட்சைத் தேதி முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நம் ஆட்கள் எப்படிப் படிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கடைசித் தேதிதான் முடுக்கியின் முறுக்கு.

இனி பிட்காயின். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பணம் அனுப்ப நடுவில் வங்கி வேண்டாம், நம்பகமான மூன்றாம் ஆள் வேண்டாம், கணக்குப் புத்தகத்தை எல்லோரும் சேர்ந்தே வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அந்தக் கணக்குப் புத்தகம்தான் பிளாக்செயின். 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் பக்கம் எழுதப்பட்டது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஜாமீன் கையெழுத்தே தேவைப்படாத ஒரு காசு.

2010 டிசம்பரில் அந்தக் கட்டுரையைப் படித்துச் சொக்கிப்போனவர்களில் ஒருவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங். பிறகு ஏர்பிஎன்பி கம்பெனியில் என்ஜினியராக வேலை பார்த்தார். ஏர்பிஎன்பியே ஒய் காம்பினேட்டரின் 2009 குளிர்காலப் பருவத்தில் படித்து வெளியே வந்த கம்பெனி என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை நேரம் போக, ராத்திரியிலும் விடுமுறையிலும் பிட்காயின் வைத்துக்கொள்ள ஒரு பணப்பை செய்துகொண்டிருந்தார். 2012 கோடைப் பருவத்துக்கு அவருக்கு இடம் கிடைத்தது. கூட்டாளியாக வரவேண்டியவர் பென் ரீவ்ஸ் என்ற பிரிட்டிஷ் புரோகிராமர். அந்தப் பணப்பை எப்படி இயங்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. வகுப்பு தொடங்கும் தறுவாயில் பிரிந்துவிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் ஒற்றை ஆளாகப் போய்ச் சேர்ந்தார். காயின்பேஸ் அப்படித்தான் பிறந்தது.

அன்றைக்குப் பிட்காயினுக்கு என்ன மரியாதை இருந்தது தெரியுமா? 2012 ஜூன் தொடக்கத்தில் ஒரு பிட்காயின் விலை 5 டாலர் சொச்சம். 2011இல் தொடங்கிய சில்க் ரோடு என்ற கள்ளச் சந்தையில் போதைப்பொருள் வாங்க உதவும் காசு என்றுதான் பத்திரிகைகளில் பெயர். பிட்காயின் வாங்கி விற்கும் தளங்களில் அடிக்கடி திருட்டு. அதே 2012 செப்டம்பரில் பிட்ஃப்ளோர் என்ற தளத்திலிருந்து சுமார் 24,000 பிட்காயின்கள் களவுபோயின. இந்த நிலையில் முன்பின் தெரியாத ஒரு இளைஞன் வந்து, "உங்க காசை எங்கிட்ட குடுங்க, பத்திரமா வெச்சிருக்கேன்" என்றால் யார் கொடுப்பார்கள்? நான் கொடுத்திருக்க மாட்டேன்.

முடுக்கிக்குள் போனதில் அவருக்குக் கிடைத்தது என்ன? முதலில் பணம். அந்தப் பருவத்தில் சேர்ந்த கம்பெனிகளுக்கு வெளி முதலீட்டாளர்கள் சேர்ந்து, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் கடனாக ஆளுக்கு 1,50,000 டாலர் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. வேலையை விட்டுவிட்டு வரும் ஒருவருக்கு அது கைகொடுத்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கலிபோர்னியாவில் அந்தப் பணம் எத்தனை காலம் ஓடும்?

இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒய் காம்பினேட்டரில் ஓயாமல் சொல்லப்படும் பாடம், மக்களுக்கு வேண்டியதைச் செய் என்பது. அதற்கு உபயோகிப்பவர்களிடம் போய்ப் பேசு என்பார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் பணப்பையைச் சிலர் வந்து பார்த்தார்கள், திரும்ப வரவில்லை. ஏன் என்று அவரே அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்க ஆரம்பித்தார். ஒருவரிடம் போனில் பேசியபோது, பணப்பை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் போட்டு வைக்க என்னிடம் பிட்காயினே இல்லையே என்ற பதில் வந்ததாம். வாங்குவதற்கு அதிலேயே ஒரு பொத்தான் வைத்தால்? வைத்தால் உபயோகிக்கலாம் என்றாராம் அவர். ஆம்ஸ்ட்ராங்கே பின்னாளில் மாணவர்களிடம் சொன்ன கதை இது. படிக்கும்போது எனக்கு எங்கள் மொத்த வியாபாரியின் பழைய பாக்கிதான் கண்முன் வந்தது. எங்களுக்கு எட்டு மாதம் கழித்து வந்த கேள்வி, அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது.

அந்தப் பொத்தானை வைப்பது லேசான காரியமில்லை. வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துப் பிட்காயினாகக் கொடுக்க வேண்டும். அதாவது, வங்கியே வேண்டாம் என்று பிறந்த காசுக்கு வங்கியின் வாசலில் போய் நிற்க வேண்டும். 2012 அக்டோபரில் வங்கி மூலம் வாங்கி விற்கும் வசதி தொடங்கியது. கோல்ட்மேன் சாக்ஸில் அந்நியச் செலாவணி வியாபாரம் பார்த்த ஃப்ரெட் எர்சாம் அதே வருடம் கூட்டாளியாக வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டர் தெரிந்தவரோடு காசு தெரிந்தவர்.

மூன்றாவது, பெயர். கடைத்தெருவில் புதிதாகக் கடை போடும் பையனுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? பழைய மண்டிக்காரர் ஒருவர் "நம்ம பையன்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சரக்கு வந்து இறங்கும். 2012 ஆகஸ்டில் முதலீட்டாளர்கள் கூடிய அந்த நாளில் மேடையேறியவருக்கு ஒய் காம்பினேட்டரின் பெயர் அப்படி ஒரு வார்த்தையாக இருந்தது. 2013 மே மாதம் யூனியன் ஸ்கொயர் வென்சர்ஸ் முன்னின்று 50 லட்சம் டாலர் போட்டது. அதே டிசம்பரில் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் முன்னின்று 2.5 கோடி டாலர். இரண்டே மாதம் கழித்து, 2014 பிப்ரவரியில், உலகத்திலேயே பெரிய பிட்காயின் சந்தையாக இருந்த டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ், சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணோம் என்று சொல்லித் திவாலானது. (பிறகு அதில் 2 லட்சம் கிடைத்தன.) அந்தச் சூறாவளியில் காயின்பேஸ் விழாமல் நின்றது. அதற்குப் பல காரணங்கள் இருக்கும். ஆனால் அதன் பின்னால் நின்ற பெயர்களும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஆக, ஜாமீன் தேவையில்லை என்று சொன்ன தொழில்நுட்பத்தில் கடை போட்டவருக்கே முதலில் வேண்டியிருந்தது ஒரு ஜாமீன்! சதோஷி இதைப் பார்த்துச் சிரித்தாரா, வருத்தப்பட்டாரா, யார் கண்டது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. 2017இல் டோக்கன் விற்றே பணம் திரட்டும் வழி பரவலானது. எந்த முடுக்கியும் வேண்டாம், எந்த முதலீட்டாளரும் வேண்டாம். ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டால் உலகம் பூராவிலிருந்தும் பணம் வந்து கொட்டும். அந்த ஜூலையில் டெசோஸ் என்ற திட்டம் சுமார் 23 கோடி டாலர் திரட்டியது. என்ன நடந்தது? சில மாதங்களிலேயே திட்டத்தை உருவாக்கிய தம்பதிக்கும், பணத்தை வைத்திருந்த சுவிஸ் அறக்கட்டளையின் தலைவருக்கும் பகிரங்கமாகச் சண்டை. வழக்குகள். வலையமைப்பு ஒருவாறு இயங்க ஆரம்பித்தது 2018 நடுவில்தான். வழக்குகள் 2020இல் 2.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டன. பணம் கோடிக்கணக்கில் இருந்தது. இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, இது முதலில், அது பிறகு என்று சொல்லப் பெரிய மனிதர் இல்லை.

அதே சமயம் இன்னொரு பக்கம் பாருங்கள். டெவின் ஃபின்சர், அலெக்ஸ் அட்டல்லா என்ற இருவர் வைஃபையைப் பகிர்ந்துகொண்டு டோக்கன் சம்பாதிக்கும் யோசனையோடு ஒய் காம்பினேட்டரின் 2018 குளிர்காலப் பருவத்துக்கு வந்தார்கள். 2017 கடைசியில் கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனைக்குட்டி விளையாட்டு பிரபலமானதைப் பார்த்து, கொண்டுவந்த யோசனையைத் தூக்கிப்போட்டுவிட்டு, அப்படிப்பட்ட டிஜிட்டல் பொருள்களுக்குச் சந்தை கட்டினார்கள். அதுதான் ஓப்பன்சீ. 2022 ஜனவரியில் அதன் மதிப்பு 1,330 கோடி டாலராகப் போட்டார்கள். பிறகு சந்தை படுத்துவிட்டது, அது வேறு கதை. சேரும்போது வைத்திருந்த யோசனையைப் பாதியில் கைவிட்டால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் வகுப்பறைகளில் பிராஜெக்ட் தலைப்பை மாற்ற எத்தனை கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது அந்த ஏழு சதவீதம். ஒய் காம்பினேட்டர் 2022 முதல் மொத்தம் 5,00,000 டாலர் தருகிறது. அதில் 1,25,000 டாலருக்குத்தான் ஏழு சதவீதம். மீதி 3,75,000 டாலர் பின்னால் பங்காக மாறும், எவ்வளவு என்பது அடுத்து வரும் முதலீட்டாளர் வைக்கும் விலையைப் பொறுத்தது. ஆகவே ஒப்பந்தத்தில் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. பிளாக்செயின் கம்பெனிகளில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பங்கு ஒன்று, டோக்கன் ஒன்று. நாளைக்கு டோக்கன் வெளியிட்டால் அதிலும் இவ்வளவு வேண்டும் என்று சில இடங்களில் தனி ஷரத்து போட்டிருப்பார்கள். கம்பெனியின் மதிப்பு முழுக்க டோக்கனிலேயே போய் உட்கார்ந்துவிட்டால் அந்த ஷரத்துதான் பெரியது. ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நம் முன்னாள் மாணவர்களில் வக்கீல்கள் இருக்கிறார்கள், காபிக்கே பார்த்துத் தருவார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012 கோடைப் பருவத்தில் 80க்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. கூட்டம் அதிகமாகிவிட்டதென்று அடுத்த பருவத்தில் அவர்களே எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். அந்த 80இல் காயின்பேஸையும், வீட்டுக்கு மளிகை கொண்டுவரும் இன்ஸ்டாகார்ட்டையும் தவிர எத்தனை பெயர் உங்களுக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. எல்லோரும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள்தான், அதே பாடத்தைக் கேட்டவர்கள்தான். காயின்பேஸே என்ன, 2021 ஏப்ரல் 14 அன்று நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலாகி, முதல் நாள் முடிவில் ஒரு பங்கு 328 டாலர் 28 சென்ட் என்று நின்றது. 2022 கடைசியில் அதே பங்கு 40 டாலருக்கும் கீழே. பிறகு எழுந்து, 2025 மே மாதம் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் சேர்ந்தது. முடுக்கி முதல் மூன்று மாதத்துக்குத்தான். அதற்கப்புறம் வண்டியை ஓட்டுவது அவரவர் பாடு.

அன்று கேன்டீனில் அந்த மாணவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "நீங்க பண்ணினதை இப்ப எத்தனை பேரு உபயோகிக்கறாங்க?"

"ஹாஸ்டல்ல பதினோரு பேரு சார்."

"அதுல எத்தனை பேர்கிட்ட உக்காந்து பேசினீங்க?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரூம்மேட்தான், "கூடல் அன்னிக்கு அவங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்துடறோம் சார், நீங்களும் கேளுங்க" என்றார். பந்திக்குப் பதினோரு இலை கூடுதலாகப் போடும்படி உணவுக் குழுவினரை இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.