அணிலும் அணையும்: தமிழ்ச் சிந்தனை மரபில் ஒரு சிற்றுயிரின் வரலாறு

இலக்கியத்தில் இடம்பெறும் விலங்குகளைப் பற்றி ஆராய முற்படுவோர் பெரும்பாலும் யானை, புலி, சிங்கம் ஆகியவற்றிலேயே கவனஞ் செலுத்துவது வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. சோழர் கொடியிலே புலியும் பல்லவர் இலச்சினையிலே இடபமும் இடம்பெற்றன. யானையோ போர்க்களத்தின் படைவலியாகவும் புலவர் பெற்ற பரிசிலாகவும் விளங்கியது. அரசியல் அதிகாரத்தோடு தொடர்புபட்ட விலங்குகள் இலக்கியத்திலும் தலைமை பெற்றமை இயல்பே. ஆனால் எந்த மன்னனின் கொடியிலும் இடம்பெறாத, உழவுக்கோ உணவுக்கோ பெரிதும் பயன்படாத சிற்றுயிர் ஒன்று ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழர் நினைவில் நிலைத்து வந்துள்ளது. அதுவே அணில். அதன் இலக்கிய வரலாற்றை நோக்குமிடத்து, இயற்கையை மனிதன் கண்ட முறை காலந்தோறும் மாறிவந்தமையையும், அம்மாற்றத்தின் பின்னணியில் அமைந்த சமுதாய உறவுகளையும் ஓரளவு தெளிந்துகொள்ளலாம்.

முதலில் அணிலைப் பற்றிய உயிரியற் செய்தி ஒன்றைக் குறிப்பிடுதல் அவசியம். இந்தியத் துணைக்கண்டத்து மனைகளிலும் தோப்புகளிலும் பரவலாகக் காணப்படும் அணில்கள் இரு இனத்தவை. வட இந்தியாவிலே பெரிதும் வாழ்வது முதுகில் ஐந்து வரிகளையுடைய இனம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது மூன்று வரிகளையுடைய இனம். பின்னதற்கு 1766இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு பனைமரத்தோடு தொடர்புபடுத்தி இலத்தீன் பெயரிட்டார். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இந்த இனமே காணப்படுகின்றது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பண்டைக் காலங்களில் இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன என்பதை இவ்விடத்திலே நினைவிற்கொள்ளலாம். வரிகளின் எண்ணிக்கை பற்றிய இச்சிறு வேறுபாடு பின்னர் ஆராயப்படும் கதையொன்றின் தோற்றத்தை விளங்கிக்கொள்ளத் துணைபுரிவதாகும்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களைத் தொகுத்துக் கூறுமிடத்துக் கீரி, காட்டுப்பூனை, எலி ஆகியவற்றோடு அணிலையும் சேர்த்து, இவற்றின் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியது என விதிக்கின்றது. அவ்விடத்திலே அணிலுக்கு மட்டும் மூன்று வரிகளை உடையது என்ற அடை தரப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. மரபியலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இலக்கண நூலார் தம்மைச் சூழவுள்ள உயிரினத்தை எண்ணியும் வகைப்படுத்தியும் கண்டனர் என்பதில் ஐயமில்லை. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை நிரற்படுத்தியதும் இம்மரபியலே. அந்த நிரலில் மனிதன் மேற்படியில் நிற்கின்றான். ஆயினும் ஏனைய உயிர்களிலிருந்து முற்றாகப் பிரிந்து நிற்கவில்லை.

சங்கச் செய்யுள்களிலே அணில் பெறும் இடம் இக்கூர்மையான நோக்கிற்குச் சான்றாகும். நெய்தல் நிலத்து முள்ளிச் செடியின் முள்ளுக்கு அணிலின் பல்லை உவமை கூறுகிறார் அம்மூவனார். கணவனை இழந்த பூதபாண்டியன் தேவி கைம்மை நோன்பை மறுத்துத் தீயை நாடும் புறநானூற்றுப் பாடலிலே, வெள்ளரிக்காயின் மேற்கோடுகள் அணிலின் வரிகளோடு ஒப்பிடப்படுகின்றன. சாவை எதிர்நோக்கி நிற்கும் ஒருத்தியின் கூற்றிலே இத்தகைய அடுக்களைச் செய்தி இடம்பெறுவது, கைம்பெண்ணுக்கு மறுக்கப்பட்ட உணவு யாது என்பதைத் துல்லியமாக உணர்த்துகின்றது. பெரும்பாணாற்றுப்படையிலே, எயினர் குடிசையில் அணிலும் எலியும் ஓடியாட இடமில்லாதவாறு கூரை வேயப்பட்டிருந்த செய்தி வருகின்றது. இங்கெல்லாம் அணில் அணிலாகவே உள்ளது. அது யாருக்கும் அறவுரை கூறவில்லை.

இவ்வகையிற் சிறப்பு மிக்கது குறுந்தொகையின் 41ஆம் செய்யுள். தலைவன் உடனிருக்கையில் விழாக்கொண்ட ஊர் போல மகிழும் தலைவி, அவன் பிரிந்தவிடத்து, மக்கள் விட்டகன்ற சிற்றூரின் வெறுமனையைப் போலப் பொலிவிழப்பதாகக் கூறுகிறாள். அம்மனையின் முற்றத்திலே அணில்கள் விளையாடுகின்றன. தனிமையைச் சொல்ல வந்த புலவர் பாழையும் இருளையும் நாடாது, துள்ளித்திரியும் உயிரொன்றைக் காட்டுகின்றார். மனிதர் இருந்தால் அணில் முற்றத்தில் அச்சமின்றி ஆடாது. ஆகவே அணிலின் ஆட்டமே மனிதரின் இன்மைக்குச் சான்றாகிறது. புலவரின் இயற்பெயர் மறைந்து, அணிலாடு முன்றிலார் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. பாலை நிலத்து மக்கள் வறட்சியாலும் ஆறலைப்பாலும் ஊர்விட்டுப் பெயர்ந்த வாழ்வும் இவ்வுவமையின் பின்னால் தெரிகின்றது.

பல்லவர் காலத்தில் இந்நோக்கிலே பெருமாற்றம் ஏற்பட்டது. பக்தி இயக்கம் நாடெங்கும் கோயிலை நடுவாகக் கொண்ட சிந்தனையைப் பரப்பியபோது, நிலத்துக்குரிய கருப்பொருளாக இருந்த விலங்கு இறைவனுக்குரிய அடியாராக மாறியது. திருவானைக்காவிலே சிலந்தியும் யானையும் வழிபட்டமையும், அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தமையும் பெரியபுராணத்தால் அறியப்படும். தொண்டைநாட்டுத் திருக்குரங்கணில்முட்டம் என்ற தலத்தின் பெயரிலேயே குரங்கும் அணிலும் காகமும் சேர்ந்துள்ளன. முட்டம் என்பது காகத்தைக் குறிப்பது. வாலி, இந்திரன், யமன் ஆகியோர் முறையே அவ்வுருக்களில் வழிபட்டனர் என்பது தலமரபு. சம்பந்தரின் பதிகம் பெற்ற இத்தலத்திலே பல்லவர் காலக் குடைவரைக் கோயிலும் உண்டு.

வைணவ மரபிலே அணில் பெற்ற இடம் இதனினும் முக்கியமானது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தைப் பாடிய திருமாலை 45 பாசுரங்களைக் கொண்டது. அதன் 27ஆம் பாசுரத்திலே, குரங்குகள் மலைகளைத் தள்ளிக் கடலை அடைக்கையில், நீரில் நனைந்து மணலிற் புரண்டு ஓடித் தானும் அடைக்க முயன்ற கள்ளமற்ற அணிலை ஆழ்வார் நினைக்கிறார். அந்த அணிலுக்குக்கூடத் தாம் நிகரில்லை என்று வருந்துகிறார். அந்தணர் குலத்தவராக மரபு கூறும் ஒருவர், தம்மை ஒரு சிற்றுயிரினும் கீழாக வைத்துப் பேசுகின்றார். செயலின் அளவன்று, உள்ளத்தின் தூய்மையே பொருட்டு என்பது அவர் கருத்து.

வான்மீகி இராமாயணத்தின் யுத்தகாண்டம் நளன் தலைமையில் ஐந்து நாள்களில் அணை கட்டப்பட்டதை விரித்துரைக்கின்றது. அங்கு இவ்வணிலைக் காணவியலாது. கம்பரும் சேதுபந்தனத்தைச் சிறப்பாகப் பாடினாரேனும் அணிற்கதையை எடுத்துக்கொள்ளவில்லை. மேலும், அணிலின் முதுகை இராமன் தடவியதால் வரிகள் உண்டாயின என்னும் செய்தி ஆழ்வாரின் பாசுரத்திலும் இல்லை. ஆகவே இரு வேறு இழைகள் இங்கு தென்படுகின்றன. ஒன்று, காரணம் எதுவும் கூறாது இலக்கணமும் சங்கச் செய்யுளும் குறித்த வரிகள். மற்றையது, வரிகளைக் குறிப்பிடாது ஆழ்வார் பாடிய தொண்டு. இவ்விரண்டையும் பிணைத்தது மக்களின் வாய்மொழிக் கதை மரபு எனலாம். அக்கதை இன்று இந்தியாவின் பல பகுதிகளிலும் வழங்குகின்றது. எனினும் மூன்று விரல்களால் மூன்று வரிகள் தோன்றின என்ற கணக்கு தென்னாட்டு அணிலுக்கே பொருந்துவது. ஐவரி அணில் வாழும் வடபுலத்துக்கு அது பொருந்தாது. எனவே அவ்விவரம் தெற்கிலேயே உருப்பெற்றிருக்க வேண்டும் என ஊகிக்க இடமுண்டு.

இக்கதையின் சமுதாயப் பொருள் யாது? பக்தி இயக்கம் பரவிய காலமும் அதனையடுத்த சோழர் காலமும் நிலவுடைமையும் சாதிப் படிநிலையும் இறுக்கமடைந்த காலங்களாகும். அக்காலத்திலேதான் தாழ்த்தப்பட்ட குலத்தவராகிய திருநாளைப்போவாரும் திருப்பாணாழ்வாரும் அடியார் வரிசையில் வைத்துப் போற்றப்பட்டனர். இறைவன் முன்னிலையில் சிறியோரும் ஏற்கப்படுவர் என்ற நம்பிக்கையை அணிற்கதை எளிய மக்களுக்கு வழங்கியது. அது அவர்களுக்குச் சுயமதிப்பையும் தந்தது. ஆனால் மறுபக்கமும் உண்டு. அணையைக் கட்டிய நளனுக்குப் பெயர் உண்டு. வானரத் தலைவர் பலருக்கும் பெயர் உண்டு. அணிலுக்கோ பெயரில்லை. அது தடவப்பட்டது; ஆயினும் அதன் நிலை உயரவில்லை. தமது சிறுமையை மனநிறைவோடு ஏற்று உழைக்குமாறு சிறியோருக்குக் கூறும் கதையாகவும் இதனைப் பயன்படுத்த இயலும். மேடைகளிலே வசதி மிக்கோர் தம் பங்களிப்பை அணிலின் பணி என அடக்கமாகக் கூறுவதும், உழைப்போரின் பணி அவ்வாறே சிறிதாக மதிக்கப்படுவதும் ஒன்றல்ல. ஆழ்வார் பாசுரத்தின் வலிமை, உயர்ந்தோன் தன்னைத் தாழ்த்திக்கொண்டதில் உள்ளது. தாழ்ந்தோனைத் தாழ்ந்தே இருக்கும்படி அது கூறவில்லை. பிற்கால வழக்கு பல வேளைகளில் இவ்வேறுபாட்டை மறந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாரதி காக்கையையும் குருவியையும் மனிதரின் இனமாகப் பாடியபோது விலங்கு மீண்டும் புதிய பொருள் பெற்றது. அங்கு உயிர்கள் இறைவனுக்குத் தொண்டு செய்து தகுதி பெறவேண்டியதில்லை. உயிராக இருப்பதே உறவுக்குப் போதுமானதாயிற்று. சாதி மறுப்பும் உயிர் ஒருமையும் இணைந்த இந்நோக்கு மரபியலின் உயிர்நிரலுக்கும் ஆழ்வாரின் கனிவுக்கும் கடன்பட்டதாயினும், இரண்டையும் கடந்து செல்கின்றது.

சுருங்கக் கூறின், தமிழிலே அணில் முதலில் காணப்பட்டது, பின்னர் போற்றப்பட்டது, அதன்பின் உதாரணமாக்கப்பட்டது. காணப்பட்ட நிலையில் அதற்குச் சொந்த வாழ்வு இருந்தது. உதாரணமான நிலையில் அது மனிதரின் தேவைக்கேற்பப் பேசலாயிற்று. விலங்குகளைப் பற்றிய இலக்கியச் செய்திகளை ஆராய்வோர், குறிப்பிட்ட விலங்கு எதனைக் குறிக்கின்றது என்று வினவுவதோடு அமையாது, யாருக்காக அவ்வாறு குறிக்கின்றது என்றும் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவும்போது, வெறுமனையின் முற்றத்தில் ஆடிய அணிலும் சேதுவின் கரையில் மணல் சுமந்த அணிலும் தமிழ்ச் சமுதாய வரலாற்றின் இரு வேறு காலகட்டங்களுக்குச் சான்றாக அமைவதைக் காணலாம்.