சன்னலருகே காத்திருக்கும் தாய்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலத்தைக் காத்திருப்பின் காலம் என்று கிறித்தவ மரபு கூறும். மேற்கத்தியத் திருச்சபையின் மாலைச் செபத்தில், லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலுள்ள மரியாளின் புகழ்ப்பாடல் நாள்தோறும் இடம்பெறும். டிசம்பர் 17 முதல் 23 வரை அதற்கெனத் தனிப் பல்லவிகளும் உண்டு. நாள்தோறும் பாடிப் பழகியதாலேயே அது பலருக்குத் தாலாட்டுப் போல ஆகிவிட்டது. ஆனால் அது பேசுவதோ, அரியணைகளிலிருந்து இறக்கப்படும் வலியோரையும் வெறுங்கையராய் அனுப்பப்படும் செல்வரையும் பற்றி. இதன் வேரைக் காண, மரியாளுக்கு முன் பாடிய மூன்று பெண்களிடம் நாம் செல்லவேண்டும்.

முதலாமவள் மிரியாம். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கடலைக் கடந்ததும், கையில் சிறுபறையுடன் பெண்களை ஆடலுக்கு அழைத்துச் செல்கிறாள். யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் மோசேயின் பெயரில் நெடும்பாடல் ஒன்று இருக்க, அவளுக்குக் கிடைப்பது ஒரே வசனம்தான்; அதுவும் நெடும்பாடலின் தொடக்கத்தை ஒத்தது. அமெரிக்க அறிஞர்கள் கிராஸும் ஃப்ரீட்மனும் 1955இல் வெளியிட்ட ஆய்வில் அப்பாடல் முழுவதையுமே மிரியாமின் பாடல் என்று அழைத்தனர்.

அடுத்தவள் தெபோராள். நியாயாதிபதிகள் 5ஆம் அதிகாரத்திலுள்ள அவளது பாடலை எபிரேயக் கவிதைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அறிஞர் பலர் கருதுகின்றனர். தொள்ளாயிரம் இரும்புத் தேர்களை உடைய படைத்தலைவன் சிசெரா, யாகேல் என்னும் பெண்ணின் கையால் மாள்கிறான். பாடல் அங்கே நிற்காமல் அவன் தாயிடம் செல்கிறது. சன்னலருகே நின்று, மகனின் தேர் ஏன் இன்னும் வரவில்லை என்று அவள் வினவுகிறாள். வீரர்கள் கொள்ளையையும் பெண்களையும் பங்கிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோழியர் தேற்றுகின்றனர். பிற பெண்களின் சிறையே அவளுக்கு ஆறுதல்! பாடல் அவளை எள்ளி நகையாடுகிறது. அந்த எள்ளலின் நியாயம் நமக்குப் புரிகிறது. எனினும் அந்தச் சன்னலை நம்மால் எளிதில் கடக்க இயலவில்லை.

மூன்றாமவள் அன்னாள். பிள்ளையில்லாக் குறைக்காகச் சக்களத்தியின் ஏச்சைக் கேட்டவள். சீலோவில் மனமுருகி வேண்டியபோது, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலியே தவறாக எண்ணினான். சாமுவேல் முதல் நூலின் 2ஆம் அதிகாரத்தில் அவள் பாடும் பாடலில் வில் முறிகிறது; பசித்தவர் நிறைகின்றனர்; எளியவர் குப்பைமேட்டிலிருந்து உயர்த்தப்படுகின்றனர். இஸ்ரவேலில் மன்னனே இல்லாத காலத்தில் அவள் மன்னனைப் பற்றிப் பாடுவதால், வேறொரு பாடல் அவள் வாயில் வைக்கப்பட்டது என்பர் அறிஞர். கத்தோலிக்க வழிபாட்டில் டிசம்பர் 22 அன்று இப்பாடலும் மரியாளின் பாடலும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன.

மரியாளின் பாடல் அன்னாளின் வழியிலேயே செல்கிறது. பழைய இலத்தீன் சுவடிகள் சில இதைப் பாடியவள் எலிசபெத்து என்கின்றன. அவளும் அன்னாளைப் போல நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்தவளே. எவர் பாடியதாயினும் ஒரு மாற்றத்தை நாம் கவனிக்கவேண்டும். இங்கே கடலில் மூழ்கும் குதிரைகள் இல்லை. கூடார முளையும் இல்லை. வலியோர் இறக்கப்படுகின்றனர், கொல்லப்படவில்லை. எல்லாம் நடந்து முடிந்ததாகவே பாடல் கூறுகிறது. ஆனால் கதையின் காலத்தில் ரோமில் அகஸ்துவும் யூதேயாவில் ஏரோதும் அரியணையில்தான் இருந்தனர்.

இந்த இடைவெளி பின்வந்தோரையும் சோதித்தது. மார்ட்டின் லூதர் 1521இல் இப்பாடலுக்கு உரை எழுதி, ஆள்வோர்க்கு அறிவுரையாகச் சாக்சனியின் இளம் கோமகன் யோகான் ஃபிரெடெரிக்குக்குக் காணிக்கையாக்கினார். 1525இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோதோ, அவர்களை ஒடுக்குமாறு கோமகன்களைத் தூண்டி எழுதினார். இட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று, இலண்டனில் போன்ஹோஃபர் இதே பாடலைப் பற்றிப் பேசினார். இது மென்மையான பாடலன்று என்பதே அவர் உரையின் சாரம். 1945 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

பாடுவது எளிது, அரியணை அசையும்போது எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே கடினம். திருவருகைக் காலத்தில் இரு தாய்மார் காத்திருப்பதாக நாம் எண்ணிப்பார்க்கிறோம்: ஒருத்தி பிறக்கவிருக்கும் மகனுக்காக, மற்றொருத்தி திரும்பி வராத மகனுக்காக. முன்னவளின் பாடலில் பின்னவளை நோக்கிய எள்ளல் இல்லை. நீதியைக் கேட்கும் குரல் அவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்கிறது.