மரத்தின் வலியறிந்த வரலாறு

வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலைச்சாரலை அடுத்த கண்ணமங்கலத்தில் வாழும் அன்பர்க்குக் காட்டுமரம் புதிய பொருளன்று. சந்தனத்தாற் பெயர்பெற்ற அம்மலையில் தேக்கும் வேங்கையும் வளர்தலை அவர் அறிவர். திருக்கோயிற் பணிக்கு மரம் வழங்க முன்வருவோர் முதற்கண் வினவுவது, 'எம்மரம் வலியது?' என்பதே. அவ்வினாவிற்கு விடை காணப்பெற்ற வரலாறு அறியத்தக்கது.

பண்டைத் தச்சர் கையும் செவியும் கொண்டே மரம் தேர்ந்தனர். தட்டுங்கால் கணீரென ஒலிப்பது உறுதியானது. மந்தமாய் ஒலிப்பது உட்பொந்துடையது. வெளிறு நீக்கி வைரத்தையே கொண்டனர். வெட்டிய மரத்தைக் குளத்தில் ஊறவிட்டுப் பின் நிழலில் உலர்த்தினர். இத்தேர்வு பெரும்பாலும் பொய்த்ததில்லை. ஆயினும் ஒருமரம் மற்றொன்றினும் எத்துணை வலியது என்பதற்கு எண் இல்லை.

எண் வந்தது கப்பலாலும் இருப்புப்பாதையாலுமேயாம். தேக்குக் காடுகள் விரைந்து குறைந்தன. 1856-இல் சென்னை மாகாணத்தின் முதற் காட்டுப் பாதுகாவலராகக் கிளெக்கார்ன் அமர்த்தப்பெற்றார். 1862-இல் இந்திய, பர்மிய மரங்களின் வலிமை பற்றிய ஸ்கின்னரின் நூல் சென்னையில் வெளிவந்தது. சட்டத்தின் இருமுனைகளையும் தாங்கி, நடுவே பாரமேற்றி, முறியுமளவைக் காண்பதே சோதனை. ஓரங்குலச் சதுரமான தேக்குச் சட்டம், ஓரடி இடைவெளியில், ஏறத்தாழ 600 இராத்தலில் முறியும். இத்தகைய எண்களை 1881-இல் வெளிவந்த காம்பிளின் கையேடு தொகுத்தளித்தது.

அளவும் ஈரமும் வேறுபட்ட சட்டங்களின் எண்களை ஒப்பிடல் பொருந்தாதன்றோ? ஈரம் நீங்க நீங்க மரத்தின் வலி ஏறும். 1906-இல் டேராடூனில் நிறுவப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையம் இக்குறையைக் களைந்தது. 2 அங்குலச் சதுரமும் 28 அங்குல இடைவெளியும் கொண்ட, கணுவற்ற துண்டுகளைப் பச்சையாகவும் உலர்த்தியும் தனித்தனியே சோதித்தனர். தேக்கை 100 எனக்கொண்டு ஏனைய மரங்களை மதிப்பிட்டனர்.

தேக்கே யாவற்றினும் வலியதென்று கருதுவாருமுளர். அது பொருந்தாது. நீரில் அமிழும் ஆச்சா அதனினும் வன்மையுடையது. மிகச் சுருங்காமையும் கறையானுக்கு எளிதில் இரையாகாமையுமே தேக்கின் தனிச்சிறப்பு.

சட்டத்தின் அகலம் இருமடங்காயின் வலி இருமடங்காம். உயரம் இருமடங்காயின் நான்மடங்காம். உத்திரத்தைக் கிடையாக வையாது குத்தாக வைத்த நம் தச்சர் இதனைக் கணக்கின்றியே கண்டிருந்தனர் என்பது வியத்தற்குரியது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. எண்கள் யாவும் கணுவற்ற சிறு துண்டிற்கே உரியன. உத்திரத்தின் நடுவில் அடிப்பக்கமே இழுபடுதலின், அங்குள்ள கணு பெருந்தீங்கு விளைக்கும். அதே கணு மேற்பக்கத்தில் அத்துணைத் தீங்கு செய்யாது. ஆதலின் கட்டடப் பணியில், முறியும் பாரத்தின் ஒரு சிறுபங்கையே மரத்தின்மேல் ஏற்ற விதித்துள்ளனர்.

கொடிமரத்திற்கோ காற்று எத்திசையினின்றும் வரும்; கணுவைத் திருப்பி வைக்க இடமில்லை. நேரிய நாரோட்டமுடைய மரமே அதற்காகும். செப்புத்தகடு போர்த்தியபின் வெடிப்பும் உளுப்பும் கண்ணிற் படா. ஆகவே தகடு போர்த்துமுன், அடிமுதல் நுனிவரை தட்டியும் தடவியும் பார்க்கத் தச்சருக்குப் போதிய நாள் அளித்தல் பணி செய்விப்போர் கடன்.